கறுப்பு மணல் புகுந்த 9398 மீண்டும் ஏறியது

90 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனையை 45 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சாய்வு சரியாக 30 பாகை. அந்தச் சாய்வில், பழசாக வாங்கிச் சீர்செய்த லெகோ கிராலர் (மேடு ஏறும் பொம்மை வண்டி) நிற்காமல், கியர் 'டக் டக்'கென்று தாவாமல், மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. மொத்தம் பதினோரு நாள் வேலை. அதில் நான்கு நாள், செய்ததையே திருப்பிச் செய்ததில் போனது. வேலை தெரியாமல் அல்ல, வேலையின் வரிசை தப்பியதால். கடலோரத்தில் பழைய லெகோ டெக்னிக் (மோட்டார், கியர் வைத்துக் கட்டும் வகை) செட் வாங்குகிறவர்களுக்கு அந்த நான்கு நாளாவது மிச்சமாகட்டும் என்று நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

செட் எண் 9398, 4×4 கிராலர். லெகோ டெக்னிக் வரிசையில் 2012-இல் வந்தது, 1327 பாகம். ஓட்டுவதற்கு எல் மோட்டார் இரண்டு, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார் ஒன்று, ரிமோட், அகச்சிவப்பு ரிசீவர், ஆறு ஏஏ செல் போடும் பேட்டரிப் பெட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். எல் மோட்டாரும் சர்வோவும் முதலில் வந்தது இந்த செட்டில்தான் என்பதால் சேகரிப்பவர்கள் இதற்குத் தனி மதிப்பு வைத்திருக்கிறார்கள். இதன் மின்சாதனங்கள் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் போனால் பழசு தேடித்தான் வாங்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கமிருந்து மூட்டையாக வந்தது: 2.6 கிலோ, 4,800 ரூபாய். கிராலரோடு ஏதோ பழைய லாரி, பஸ் செட்களின் வெள்ளை, சாம்பல் நிறக் கட்டைகளும் கலந்து கிடந்தன. வளைகுடாப் பெட்டியில் வரும் பொம்மைகள் நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் ஓடி, பத்து வருஷம் பரணில் தூங்கும். இது பரணுக்குப் போகுமுன் கடற்கரையில் ஓடியிருக்கிறது. டயரை இரண்டு விரலால் பிதுக்கியதும் உள்ளேயிருந்து கறுப்பும் சிவப்புமாக மணல் கொட்டியது.

அந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கடற்கரை மணல் சாதாரண மணல் அல்ல. கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்பு கார்னெட். கார்னெட்டை உப்புத்தாளிலேயே அரைப்பான் பொடியாக ஒட்டுவார்கள். கட்டைகள் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதன் முன்னால் வெண்ணெய் மாதிரி. எடையும் அதிகம். வெள்ளை மணலின் ஒப்படர்த்தி 2.65, கார்னெட் 4-க்குப் பக்கம், இல்மனைட் 4.7. இந்த எண்கள் படிப்புக்கு அல்ல, கழுவும்போது உதவும். அது தெரியாமல்தான் முதல் தப்பு நடந்தது.

முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றி, மின்பாகங்களை மட்டும் விலக்கி, மிச்சத்தை வெங்காய வலைப்பைகளில் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் போட்டு ஆட்டினேன். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் மெல்லிய பாகங்கள் கோணும். அதைக் கவனித்தாயிற்று. ஆட்ட ஆட்ட அழுக்கெல்லாம் மேலே வந்தது, மணல் வரவில்லை. கனமான மணல் கீழே இறங்கி, பாகங்களைக் கோக்கும் 'பின்' என்ற சின்ன முளை நுழையும் துளைகளிலும், டிஃபரன்ஷியல் (இட வலச் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்) கூட்டுக்குள்ளும் கியர் பல்லின் அடியிலும் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ந்த பிறகு பார்த்தால் ஈரத்தில் ஒட்டி இறுகி, முன்னைவிட மோசம். உலர்ந்த மணலாக இருந்தபோது தட்டினாலே விழுந்திருக்கும்.

இரண்டாவது சுற்றில் முறை மாறியது. ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, பழைய பல் பிரஷை நுனி கத்தரித்து 5 மி.மீ. ஆக்கி, காய்ந்த நிலையிலேயே தேய்த்தேன். பின் துளைக்கு ஈர்க்குச்சி போதும். தென்னை ஈர்க்கு வளையும், ஆனால் கீறாது. குண்டூசி வேண்டாம். துளையின் உள்விளிம்பு கீறினால் பின் பிடிப்பு போய்விடும். பின்னின் நடுவில் ஒரு பிளவு இருக்குமே, அதுதான் மணலுக்குப் பிடித்த இடம். பழைய ஹார்ட் டிஸ்கில் எடுத்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் கறுப்பு மணலில் கொஞ்சம் ஒட்டும். சிவப்பு அவ்வளவாக அசையாது. எனவே காந்தம் துணைக்குத்தான், வேலை பிரஷில்தான். கடைசியில் தாளில் சேர்ந்ததை நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தால் 11 கிராம். அதற்குப் பிறகுதான் இரண்டாம் முறை கழுவியது.

கழுவியதிலும் ஒரு கோளாறு. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் எடுத்தேன். கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போரில் உப்பு இருக்கும். காய்ந்ததும் கறுப்புப் பீம்கள் (வரிசையாகத் துளையுள்ள நீளக் கட்டைகள்) எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டு. குடிதண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்ததும் போய்விட்டது. நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணீர் வரும் குழாய் இருந்தால் அதையே கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனிச் சாரலில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது.

காய வைப்பதற்குச் சாரல் மாதம் மகா மோசம். பெட்ஷீட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழே இரண்டரை நாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷீட்டின் நான்கு மூலையையும் பிடித்து உருட்டினால் துளைக்குள் நிற்கும் தண்ணீர் இடம் மாறி வெளியே வரும். வெயிலில் போட வேண்டாம். ஹேர் டிரையரும் வேண்டாம்.

இனி பேட்டரிப் பெட்டி. 8881 என்ற பெட்டி இது. 4×11×7 ஸ்டட் அளவு (ஸ்டட் என்பது கட்டையின் மேலுள்ள குமிழ், லெகோவில் அதுவே அளவு), ஆரஞ்சு சுவிட்ச், இரண்டு பக்கமும் மூடி, பக்கத்துக்கு மூன்று செல். திறந்ததும் இரண்டு பக்கமும் செல் கசிந்து பூத்துக் கிடந்தது. எல்லாரும் சொல்வதுபோல் பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் நுரைத்துச் சுத்தமானது. மறுபக்கம் ஒன்றும் ஆகவில்லை. ஓர் இரவு கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துத் தகட்டில் பச்சையும் பழுப்பும் கூடியிருந்தது.

காரணம் செல்லில் இருந்தது. ஒரு பக்கம் மூன்றும் ஆல்கலைன். மறுபக்கம் மூன்றும் ரிமோட்டுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் போடும் மலிவான துத்தநாகக் கார்பன் செல். ஆல்கலைன் கசிந்தால் வருவது காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சையோ சரி. கார்பன் செல்லில் வருவது அமிலத்தன்மை கொண்ட உப்பு. அதன்மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் தகடுதான் அரியும். அதற்கு ஆப்பசோடா வேண்டும். இரண்டு வகையையும் ஒரே வரிசையில் கலந்து போட்டதுதான் கசிவுக்கே மூலம். பலம் குறைந்த செல் முதலில் தீர்ந்துபோகும். மற்றவை அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளத் தள்ள அது தலைகீழாகி, உள்ளே வாயு கட்டி, வெடித்துக் கசியும்.

எந்தக் கசிவு எது என்று செல்லைப் பார்க்காமலே கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. டிஷ்யூ தாளை மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக்கொள்ள வேண்டும். பூத்திருப்பதை ஈரப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்தத் தாளில் வைத்தால், காரமாக இருந்தால் தொட்ட இடம் உடனே கருஞ்சிவப்பாகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆலம் கரைக்கிறோமே, அதே சங்கதிதான். ஆல்கலைன் பக்கம் ஆலத் தண்ணீர் மாதிரி சிவந்தது, கார்பன் பக்கம் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. சிவந்தால் வினிகர், சிவக்காவிட்டால் சோடா. அரை தேக்கரண்டி சோடாவை ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, குடிதண்ணீரில் நனைத்த குச்சியால் மூன்று முறை துடைக்க வேண்டும். கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு முறை. தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் இவை ஏபிஎஸ்ஸைக் கரைக்கும், பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

சுத்தம் செய்து, 600 நம்பர் உப்புத்தாளால் தகடுகளை லேசாகத் தேய்த்து, ஆறு புது ஆல்கலைன் போட்டுப் பார்த்தால் 9.5 வோல்ட். சந்தோஷப்பட்டது அங்கேதான் தப்பு. மோட்டார் மாட்டாமல் அளந்த வோல்ட்டுக்கு அர்த்தமே இல்லை. ஒரு எல் மோட்டாரை மாட்டிச் சும்மா ஓடவிட்டால் 9.1. அச்சை விரலால் பிடித்து நிறுத்தினால் 4.6. (இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, மோட்டார் சூடேறும்.) மிச்ச வோல்ட் எங்கே போகிறது? செல்லின் முனையில் ஒரு குச்சி, அது தொடும் தகட்டின் வெளிப்பக்கம் ஒரு குச்சி என்று மல்டிமீட்டரை வைத்து, மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு தொடுமிடமாக அளந்தேன். பெரும்பாலானவற்றில் 0.1-க்குக் கீழே. கார்பன் பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் 1.8, 1.5. முலாம் போய், இரும்பு துருவேறிய தகடுகள் அவை. உப்புத்தாள் போட்டாலும் மறுநாள் கடல்காற்றில் மறுபடி துரு.

துரு பிடித்த தகட்டின் மேலேயே ஈயம் வைத்துப் பூசிப் பார்த்தேன். 25 வாட் சால்டரிங் இரும்பு, ஃபிளக்ஸ் எல்லாம் இருந்தது. ஆனால் ஏபிஎஸ் நூறு டிகிரி தாண்டியதுமே இளகும், சால்டரிங் முனையோ முந்நூறுக்கு மேல். ஐந்து விநாடியில் தகட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பள்ளம் உருகி, தகடு சாய்ந்து, செல்லைத் தொடாமலே போய்விட்டது. அந்தப் பெட்டி அத்தோடு முடிந்தது. சேகரிப்புக்காக அப்படியே இருக்கட்டும் என்று ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தை வேறு வழியில் கொண்டுவந்தேன்.

இந்த மாற்றுவழி எந்தப் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் செட்டுக்கும் பொருந்தும், அதனால் கொஞ்சம் நிதானமாக. நாகர்கோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆறு ஏஏ செல் ஹோல்டர் 45 ரூபாய்க்குக் கிடைக்கும், முன்னே மூன்று பின்னே மூன்று என்று இருக்கும் வகை. அளந்தால் சுமார் 58×48×30 மி.மீ. ஒரு ஸ்டட் 8 மி.மீ. என்பதால் 8×6×4 ஸ்டட் இடத்தில் உட்காரும். பழைய பெட்டி பிடித்திருந்தது 11 ஸ்டட் நீளம். மூன்று ஸ்டட் மிச்சம் இருப்பதால் அதில் சுவிட்ச் உட்கார்ந்துவிட்டது. பழைய பெட்டியில் பின் மாட்டும் துளைகள் எங்கெங்கே இருந்தனவோ, அதே இடத்தில் துளை வரும்படி 11 துளைப் பீம்களால் ஒரு சட்டம் கட்டி ஹோல்டரை உள்ளே வைத்தால், வண்டியில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இணைப்புக்கு 8886 என்ற 20 செ.மீ. நீட்டிப்புக் கம்பி ஒன்று, பழசு 450 ரூபாய். பட்டையாக நான்கு கம்பி ஓடும். வெளியோரத்து இரண்டும் மின்சாரம், ஒன்று 9 வோல்ட், மற்றது 0. நடுவில் இருக்கும் இரண்டும் மோட்டாருக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள். ரிசீவருக்கு வெளியோர இரண்டு மட்டும் போதும், நடுவிரண்டையும் தனித்தனியாகத் தோல் மூடிக் கட்டிவிட வேண்டும். ஓரக் கம்பிகளில் எது பிளஸ் என்று நினைவை நம்ப வேண்டாம். தலைகீழாகக் கொடுத்தால் ரிசீவர் போய்விடும். வெட்டுவதற்கு முன்பே, ஓடுகிற பேட்டரிப் பெட்டியில் கம்பியை மாட்டி, மல்டிமீட்டரால் பார்த்து, பிளஸ் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிட்டு வெட்டுவதுதான் சரி. தகடு சாயும் முன் இதைச் செய்துவைத்தது அதிர்ஷ்டம். ஒரு சின்ன ஸ்லைட் சுவிட்ச், வரிசையில் 1.85 ஆம்பியர் பாலிஃபியூஸ் (மின்னோட்டம் மிஞ்சினால் தடுத்து, ஆறியதும் தானே சரியாகும் ஃபியூஸ்) ஒன்று. ரீசார்ஜ் செல் போடுவதாக இருந்தால் ஃபியூஸைத் தவிர்க்கக் கூடாது. எங்காவது ஷார்ட் ஆனால் நிக்கல் செல் கம்பியின் தோலையே உருக்கிவிடும்.

இப்போது அதே சோதனை. ஆல்கலைனில் மோட்டாரை நிறுத்தினால் 7.6 வோல்ட். முன்பு 4.6. நிக்கல் ரீசார்ஜ் செல் ஆறு போட்டால் தொடக்கமே 7.9தான். ஆனால் மோட்டாரை நிறுத்தினாலும் 7.2-க்குக் கீழே இறங்கவில்லை. வேகம் கொஞ்சம் குறையும். கிராலர் எப்படியும் மெதுவான வண்டி, ஏறுவதுதான் அதற்கு வேலை. ரீசார்ஜ் செல்லையே வைத்துவிட்டேன்.

மோட்டார்களைத் திறக்கவில்லை. ப்ளக்குகளின் தகட்டில் பச்சை படிந்திருந்ததை ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, பத்துப் பதினைந்து முறை மாட்டிக் கழற்றியதும் தொடர்பு சரியானது.

பாகக் கணக்கு. வழிமுறைப் புத்தகம் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. நிறுவனத் தளத்தில் பிடிஎஃப் இலவசம் என்பதால் அது பிரச்சினை இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டதில் 41 பாகம் குறைவு. 29 என் உதிரிப் பெட்டியில் கிடைத்தன. மிச்சம் 12-ஐ வாங்க 640 ரூபாய், கூரியர் 90.

காணாமல் போனவை எளிது. இருந்தும் தேய்ந்துபோனவைதான் சிக்கல். இரண்டு கியரைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுக் கியரின் பல் முனை தட்டையாக இருக்கும், கார்னெட் அரைத்ததன் முனை கத்தி மாதிரி கூர்மையாகியிருந்தது. நகத்தால் சுண்டினால் தெரியும். ஆக்ஸிலை (கூட்டல் குறி வடிவ அச்சுக் கம்பி) கண்ணாடியில் உருட்டிப் பார்க்க வேண்டும். முறுக்கேறிய ஆக்ஸிலின் கூட்டல் குறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே நீளவாக்கில் பிடித்தால் திருகாணி மாதிரி தெரியும். அப்படி இரண்டு இருந்தன. ஆக்ஸில் சுழலும் பீம் துளைக்குள் ஆக்ஸிலை விட்டு ஆட்டினால், ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா என்பது கைக்கே தெரியும். அப்படிப்பட்ட பீமை எறிய வேண்டாம், சுழலாத இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மலிவு என்று வேறு கம்பெனி 15 துளைப் பீம் இரண்டு வாங்கியது இன்னொரு சறுக்கல். முதல் துளையின் மையத்துக்கும் பதினைந்தாம் துளையின் மையத்துக்கும் இடைவெளி 14×8, அதாவது 112 மி.மீ. இருக்க வேண்டும். மையத்தை அளப்பது கஷ்டம். இரண்டு ஓரத் துளையிலும் ஆக்ஸில் சொருகி, வெர்னியரால் வெளிப்புறமாக அளந்தால் 112-உடன் ஆக்ஸிலின் தடிப்பு 4.8 சேர்ந்து 116.8 வர வேண்டும். அசலில் வந்தது. நகலில் 117.2. அரை மில்லிமீட்டர்கூட இல்லைதான். ஆனால் ஒரு பக்கம் அசல், மறுபக்கம் நகல் என்று சட்டம் கட்டினால் குறுக்கே போகும் ஆக்ஸில் கோணலாகிப் பிடித்துக்கொள்ளும், மோட்டாரின் பலம் பாதி அந்த உராய்விலேயே தீரும். நகல் பீம் போடுவதானால் இரண்டு பக்கமும் நகலே போட வேண்டும். குட்டைப் பீமில் இந்தத் தொல்லை இல்லை. பிழை நீளத்தோடுதான் கூடும்.

திரும்பக் கட்டுவது இரண்டு மாலை வேலை என்று நினைத்தேன், மூன்றாகிவிட்டது. சர்வோதான் காரணம். பவர் ஃபங்ஷன்ஸ் சர்வோ நடுவிலிருந்து இரு பக்கமும் 90 பாகை திரும்பும், மின்சாரம் வந்ததும் தன் நடுவுக்குப் போய் நிற்கும். செட்டோடு வந்த சாதாரண ரிமோட்டில் முழு இடம், நடு, முழு வலம் என்று மூன்று நிலை மட்டுமே கிடைக்கும். எனவே கட்டும் முன் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே ஸ்டியரிங் ஆக்ஸிலை மாட்ட வேண்டும். வழிமுறையில் அதற்குப் படமே இருக்கிறது. அந்தப் படியில் ஹோல்டர் இன்னும் தயாராகவில்லை என்பதால், பார்த்தால் நடுவில்தான் இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டுக் கட்டிவிட்டேன். ஓடவிட்டதும் இடப்பக்கம் சரியாகத் திரும்பியது. வலப்பக்கம் சக்கரம் சட்டத்தில் முட்டி, சர்வோ 'ர்ர்ர்' என்று உறுமியது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைக்க வேண்டும், உள்ளே பல் போய்விடும். முன் ஆக்ஸில் முழுவதையும் கழற்றி மறுபடி கட்டியதில் இரண்டு மணி நேரம் போனது.

நடுவில் கிடைத்த வெயில் நாட்களில் மஞ்சளேறிய வெள்ளைக் கட்டைகளைப் பார்த்தேன். கிராலருக்குச் சம்பந்தமில்லாத, மூட்டையோடு வந்த பஸ், லாரிக் கட்டைகள். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், புட்டியில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். இரண்டு அரை லிட்டர் புட்டி 150 ரூபாய். கண்ணாடிப் பாத்திரத்தில் கட்டைகளைப் போட்டு, முழுவதும் மூழ்கும்படி மேலே பிளாஸ்டிக் வலை வைத்து அமுக்கி, மாடியில் வெயிலில் வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். குமிழ் ஒட்டி மிதந்தால், வெளியே நீட்டிய இடம் மட்டும் திட்டாக வெளுக்கும். கையுறை கட்டாயம். சாதாரணமாக ஐந்தாறு மணி நேரம் போதும். சாரல் காலத்தில் வெயில் கண்ணாமூச்சி ஆடியதால் இரண்டு நாள் ஆயிற்று. வெள்ளை அழகாகத் திரும்பியது. அச்சிட்ட, ஸ்டிக்கர் ஒட்டிய கட்டைகளைப் போடவில்லை.

சாம்பல் கட்டைகள் பதினெட்டு மட்டும் அசையவே இல்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று வைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அது மஞ்சளேறியது அல்ல, பழைய சாம்பல். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. அதற்கு முந்தைய கட்டை புதியதன் பக்கத்தில் வைத்தால் எப்போதும் மஞ்சளாகத்தான் தெரியும். பெராக்சைடு எத்தனை லிட்டர் ஊற்றினாலும் நீலம் வராது. சந்தேகம் வந்தால் இன்னொரு கட்டையோடு கோத்திருந்த அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெயில் படாத அடியும் அதே நிறம் என்றால் அது பிறவி நிறம்.

ஸ்டிக்கர்கள் ஈரத்தில் சுருண்டிருந்தன. ஸ்கேன் செய்து, வினைல் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் ஒரு தாள் அடித்ததற்கு 150. பிளாஸ்டிக்கின் மேல் சோப்புத் தண்ணீர் லேசாகத் தெளித்து ஒட்டினால் நகர்த்தி நேராக்க அவகாசம் கிடைக்கும்.

செலவு: மூட்டை 4,800, பாகங்களும் கூரியரும் 730, பெராக்சைடு 150, ஹோல்டர் 45, நீட்டிப்புக் கம்பி 450, ஈயம், சுவிட்ச், பாலிஃபியூஸ் மூன்றுக்கும் 100, ரீசார்ஜ் செல்லும் சார்ஜரும் 1,450, ஸ்டிக்கர் 150, சிலிக்கா ஜெல் 160. ஆக 8,035. நகல் பீம் காசை இதில் சேர்க்கவில்லை, அது என் முட்டாள்தனத்தின் கணக்கு.

அடுத்த மூட்டை வந்தால் வரிசை இப்படி: முதலில் காய்ந்த பிரஷ், தண்ணீர் பிறகு. கசிவைத் தொடும் முன் மஞ்சள் தாள். மோட்டாரை நிறுத்தி அளக்காமல் எந்தப் பேட்டரிப் பெட்டியையும் நம்புவதில்லை. கட்டத் தொடங்கும் முன் மின்சாரம் தயாராக இருக்க வேண்டும், சர்வோவுக்காக.

வண்டி இப்போது மேற்கு ஜன்னலுக்கு எதிர்ப்புறத் தட்டில், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே நீல நிற சிலிக்கா ஜெல் 200 கிராம். தென்மேற்குப் பருவமழை, அது முடிவதற்குள் வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஆறு வாரத்தில் ஜெல் இளஞ்சிவப்பாகிவிடும், தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலம். செல்கள் ஆறும் வண்டிக்குள் இல்லை, தனி டப்பாவில்.